மழை பெய்தால் ராமேஸ்வரப் பயணம் வீணா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக்குக் குடும்பத்துடன் ராமேஸ்வரம் சென்று வந்த வாசகர் ஒருவர், தங்கள் நாளிதழின் மதுரைப் பதிப்பில் அண்மையில் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். போய் இறங்கிய விடியற்காலையிலேயே மழை பிடித்துக்கொண்டதாகவும், பகல் முழுவதையும் விடுதி அறையில் தொலைக்காட்சி முன்னால் கழித்துவிட்டு, தனுஷ்கோடியைக்கூடப் பார்க்காமல் ஊர் திரும்பியதாகவும் அவர் வருந்தியிருந்தார். சிறு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் பேசி வைத்திருந்த பயணம் அப்படி முடிந்தால் யாருக்கும் மனம் கசக்கத்தான் செய்யும். ஆனால், ஐப்பசி பிறந்தது முதல் மார்கழி முடியும்வரை மதுரைக்காரர்கள் யாரும் கடற்கரை ஊர்கள் இருக்கும் திசையில் தலைவைத்துப் படுக்க வேண்டாம் என்று கடிதத்தின் முடிவில் அவர் கூறியிருந்த அறிவுரையை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை.

பள்ளியில் நெடுங்காலம் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். என் தந்தையாரின் திதி கார்த்திகையில் வருவதால், நல்ல மழைக்காலத்தில் ராமேஸ்வரம் போய்வருவது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: அங்கே ஒரு பகல் முழுவதையும் மழை பறித்துக்கொள்வது அரிது. பறித்துக்கொள்பவை வேறு இரண்டு குறைகள். எந்த மழை எப்போது ஓயும், எந்தச் சாலை எப்போது திறக்கும் என்ற செய்தி வெளியூரிலிருந்து வருபவருக்கு உரிய நேரத்தில் கிடைப்பதில்லை. நனைந்து வருபவர் ஒதுங்கவும் உலரவும் போதிய இடம் இல்லை. இரண்டுமே சரிசெய்யக் கூடியவை என்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மழைக்காலத்தில் போகக் கூடாது என்றால் வேறு எப்போது போவது என்பதையும் நண்பர் எண்ணிப் பார்க்க வேண்டும். தீபாவளி அக்டோபரிலோ நவம்பரிலோ வருகிறது. பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசி வாரத்தில் வருகிறது. வடகிழக்குப் பருவமழையோ வழக்கமாக அக்டோபர் 20ஆம் தேதியை ஒட்டித் தொடங்கி டிசம்பர் முடியும்வரை நீடிக்கிறது. தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி இந்த மூன்று மாதங்களில் பெய்வதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் ராமநாதபுரம் கடற்கரைக்குத் தென்மேற்குப் பருவத்தில் பெரிதாக எதுவும் கிடைப்பதில்லை என்பதால், அங்கே இதன் பங்கு இன்னும் அதிகம். எஞ்சியிருப்பது கோடை விடுமுறை. அப்போது தார்ச்சாலையில் கால் வைக்க முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் எல்லாம் கரையில் கிடக்கும். ஆக, அந்தக் கடற்கரை உயிரோடு இருக்கும் பருவமும் மழை பெய்யும் பருவமும் ஒன்றேதான். மழை பெய்யாத ராமநாதபுரத்தைத் ‘தண்ணியில்லாக் காடு’ என்று கேலி பேசுகிறோம். பெய்தால் பயணம் கெட்டது என்று கோபித்துக்கொள்கிறோம். அந்த மாவட்டத்துக்காரர்கள் எதைத்தான் செய்வார்கள்?

நண்பரின் கடிதத்தில் என் கண்ணில் பட்ட ஒரு செய்தி, அவர் அறைக்குள் முடங்கிய நேரம். விடியற்காலையில் கொட்டத் தொடங்கிய மழையைக் கண்டு, இன்றைய பொழுது அவ்வளவுதான் என்று அவர் முடிவு செய்திருக்கிறார். மதுரையில் பிறந்து வளர்ந்த நமக்கு அப்படித்தான் தோன்றும். ஏனெனில் நம் ஊர் மழையின் கடிகாரம் வேறு. நமக்குப் பகலெல்லாம் புழுங்கி, நான்கு மணிக்கு மேல் மேகம் திரண்டு, மாலையில் இடியோடு கொட்டுவதுதான் பழக்கம். காலையிலேயே மழை என்றால் அது அடைமழை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். கடற்கரையில் இது தலைகீழ். இரவில் நிலம் குளிர்ந்ததும் கரையிலிருந்து கடலை நோக்கி ஒரு காற்று கிளம்புகிறது. வடகிழக்கிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் பருவக்காற்று அதனோடு கரையோரத்தில் மோதி மேலெழும்புகிறது. அதனால் பின்னிரவிலும் விடியற்காலையிலும் மழை வலுக்கிறது. வெயில் ஏறி நிலம் சூடானதும் அந்த மோதல் தளர்ந்து, முற்பகலில் மழை ஓய்ந்து, பிற்பகலில் பெரும்பாலும் வானம் வெளுக்கிறது. அருகில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் இருக்கும் நாட்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதைப் பின்னால் சொல்கிறேன். சாதாரணப் பருவமழை நாளில், காலை ஐந்து மணி மழையைப் பார்த்து அறையைக் காலி செய்கிறவர், தெளிந்த பிற்பகல் ஒன்றை விட்டுவிட்டுப் பேருந்து ஏறுகிறார் என்றே பொருள். பரமக்குடி தாண்டும்போது அவர் தலைக்கு மேலேயே வெயில் அடிக்கும்.

அந்தக் காலை நேரத்தை எங்கே கழிப்பது என்று கேட்டால், ராமேஸ்வரத்தைப் போல மழைக்கு வாகான கோயில் தமிழ்நாட்டில் வேறு இல்லை என்பேன். நம் மீனாட்சியம்மன் கோயிலில் ஆடி வீதி திறந்த வெளி. மழை வந்தால் கல் தளம் வழுக்கும், மண்டபத்துக்கு ஓட வேண்டும். ராமநாதசுவாமி கோயிலின் மூன்றாம் பிராகாரமோ முழுவதும் கூரையின் கீழ் இருப்பது. 18ஆம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி கட்டுவித்த அந்தப் பிராகாரம், கிழக்கு மேற்காகச் சுமார் 690 அடியும், வடக்கு தெற்காகச் சுமார் 435 அடியும் நீண்டு, 1,212 தூண்களுடன் நிற்கிறது. வெயில் நாளில் கூட்டம் நம்மைத் தள்ளிக்கொண்டே போவதால் அதன் நீளம்கூட நமக்குத் தெரிவதில்லை. மழை நாளில் கூட்டத்தின் அவசரம் அடங்கிவிடுகிறது. இருபுறமும் ஆள் மார்பளவு உயர்ந்த திண்ணை, திண்ணையின் மேல் தூண்கள், தூண்களின் அடியில் ஈர மூட்டைகளோடு சாய்ந்து உட்கார்ந்திருக்கும் வடநாட்டுப் பாட்டிகள், அவர்களைச் சுற்றி ஓடும் பிள்ளைகள், தூரத்து வாசலில் சதுரமாகத் தெரியும் சாம்பல் வெளிச்சம் என்று அந்தப் பிராகாரம் ஒரு தெருவாகவே மாறிவிடும். என் பேரன் ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைவரை தூண்களை எண்ணத் தொடங்கி, பாதியில் பாசிமணி விற்பவர் ஒருவரிடம் நின்று, கணக்கை விட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். மழை நின்றது எங்களுக்குத் தெரியவே இல்லை. கல் கூரையின் கனத்தில் மழைச்சத்தம் உள்ளே அவ்வளவாகக் கேட்பதில்லை என்பதும் ஒரு காரணம்.

மழையில் தீர்த்தமாடலாமா என்று பலர் தயங்குகிறார்கள். கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களில் நீராடப் போகிறவர் எப்படியும் தலை முதல் கால்வரை நனையத்தான் போகிறார். மேலிருந்து விழுவதும் சேர்ந்து நனைத்தால் என்ன நட்டம்? இதில் ஒரு நுட்பம் உண்டு. மழைக் குளிரில் நடுங்கிக்கொண்டு வரிசையில் நிற்கும்போது, கிணற்று விளிம்பில் நிற்கும் பணியாளர் கயிற்று வாளியை உள்ளே வீசி, ஓர் இழுப்பில் மேலே கொண்டுவந்து தலையில் கொட்டுவார்; அந்த நீர் வெதுவெதுப்பாக இருக்கும். நிலத்தடி நீரின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் பெரிதாக மாறாது என்பதால், கோடையில் குளிரும் அதே நீர் மழைக்காலையில் இதமாகப்படுகிறது. முதலாவதான மகாலட்சுமி தீர்த்தத்தில் பற்களைக் கடித்துக்கொண்டு நின்ற பிள்ளைகள், கடைசியான கோடி தீர்த்தத்துக்கு வருவதற்குள் இன்னொரு வாளி கேட்பதைப் பார்த்திருக்கிறேன்.

கடலுக்கு மிக அருகில் இருக்கும் அந்தக் கிணறுகளில் நல்ல தண்ணீர் எப்படி நிற்கிறது என்று வகுப்பில் மாணவர்கள் கேட்பதுண்டு. ராமேஸ்வரம் இருக்கும் பாம்பன் தீவு பெரும்பாலும் மணல். பெய்யும் மழை ஓடி வீணாகாமல் மணலுக்குள் நேரே இறங்குகிறது. மழைநீர் கடல்நீரைவிட எடை குறைந்தது. ஆகவே அது உப்பு நீரோடு உடனே கலந்துவிடாமல், பாலின் மேல் ஏடு படிவதைப் போல அதன் மேல் மிதந்து நிற்கிறது. தனுஷ்கோடியில் மீனவப் பெண்கள் கடற்கரை மணலைக் கையால் தோண்டி ஊற்று எடுத்துக் குடிநீர் மொள்வதும் இந்த ஏட்டிலிருந்துதான். ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்புத்தான் வரும். அந்த ஏட்டை ஆண்டுதோறும் நிரப்புவது இந்த மூன்று மாத மழை. நண்பரின் குடும்பம் எந்த மழையை நொந்துகொண்டு அறையில் இருந்ததோ, அதே மழையின் பழைய இருப்பைத்தான் மற்றவர்கள் அன்று காலை வாளி வாளியாகத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

கோயிலுக்கு வெளியேயும் கூரையுள்ள இடங்கள் உள்ளன. பள்ளிவாசல் தெருவில் அப்துல் கலாம் அவர்களின் வீட்டு மாடியில் உள்ள காட்சியகம், பேக்கரும்பில் 2017 ஜூலை 27 அன்று திறக்கப்பட்ட அவருடைய நினைவிடம் ஆகிய இரண்டும் பிள்ளைகளுக்கு ஏற்றவை. குந்துகாலில், 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் வந்து இறங்கியதன் நினைவாக எழுப்பிய மண்டபம் இருக்கிறது. திரும்பும் வழியில் ராமநாதபுரத்தில் சேதுபதிகளின் ராமலிங்க விலாசம் அரண்மனைச் சுவர் ஓவியங்களைப் பார்க்க ஒரு மணி நேரம் போதாது. மதுரைக்கு வந்து சேரும் முன்பு கீழடி அருங்காட்சியகம். இவற்றை விரித்து எழுதத் தேவையில்லை, வாசகர்கள் அறிந்தவையே. மழை விட்டதும் எங்கே போவது என்பதற்கு மட்டும் ஒரு வார்த்தை: தீவின் உயரமான இடமான கந்தமாதன பர்வதத்து ராமர் பாதத்துக்குப் போகலாம். தூசி கழுவப்பட்ட காற்றில் அங்கிருந்து தீவும் கடலும் தெரிவது போல வேறு எந்த நாளிலும் தெரியாது. டிசம்பர் இறுதி என்றால் கோதண்டராமர் கோயிலை ஒட்டிய நீர்ப்பரப்பில் பூநாரைகள் வந்து இறங்கத் தொடங்கியிருக்கும்.

இனி, போகக் கூடாத நாட்களைப் பற்றி. எல்லா மழையும் ஒன்றல்ல என்பதை நான் மறுக்கவில்லை. எந்த மழை எது என்று பிரித்தறிய நமக்குக் கருவிகள் இருந்தும் அவற்றைப் பயன்படுத்துவதில்லை என்பதுதான் என் குறை. வானிலை ஆய்வு மையம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை விடுக்கிறது. மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் 7 முதல் 11 சென்டிமீட்டர்வரை கனமழை பெய்யலாம் என்பதை வழக்கமாக மஞ்சளும், 12 முதல் 20 சென்டிமீட்டர்வரை மிகக் கனமழை என்பதை ஆரஞ்சும், அதற்கு மேல் அதி கனமழை என்பதைச் சிவப்பும் குறிக்கின்றன. அந்த ‘ஓரிரு இடங்கள்’ என்பதை நாம் படிப்பதே இல்லை. ராமநாதபுரம் மாவட்டம் என்பது கமுதியும் முதுகுளத்தூரும் திருவாடானையும் சேர்ந்தது. மாவட்டத்துக்கு மஞ்சள் என்றவுடன் ராமேஸ்வரத்தில் வெள்ளம் என்று பயணத்தை ரத்து செய்கிறவர்களும் இருக்கிறார்கள், சிவப்பு என்று அறிவித்த பிறகும் வாடகை வேனுக்கு முன்பணம் கொடுத்துவிட்டோமே என்று கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

கடலைப் பொறுத்தவரை இன்னொரு அடையாளம் உண்டு. பாம்பன் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டு. ‘பாம்பனில் 1ஆம் எண் கூண்டு’ என்று தலைப்பில் பார்த்ததும் நம் வீடுகளில் தொலைபேசிகள் ஒலிக்கத் தொடங்குகின்றன. 1ஆம் எண் என்பது தொலைதூரக் கடலில் ஒரு புயல் சின்னம் உருவாகியிருக்கிறது, துறைமுகத்துக்கு உடனடிப் பாதிப்பில்லை என்பதையே குறிக்கும். 3ஆம் எண் என்றால் பலத்த காற்றும் மழையும் துறைமுகத்தையே தொடும் நிலை. 5 முதல் அபாயம். 8, 9, 10 பேரபாயம். 11 என்றால் எச்சரிக்கை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். மீனவர்களுக்கு இது கைக்கணக்கு. ஒரு தூறல் காலையில், ஓலைக் கொட்டகையில் கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்த ஒருவரிடம், கடலுக்குப் போகவில்லையா என்று கேட்டேன். “கூண்டு ஏத்தியிருக்கு சார், டோக்கன் குடுக்கல. வடகடல் சீறினா தென்கடல் படுத்துக் கிடக்கும், நீங்க பிள்ளைகள அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க” என்றார். டோக்கன் என்பது படகுகள் கடலுக்குப் போகத் தரும் அனுமதிச் சீட்டு. வாடைக்காற்றுக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும்போது மன்னார் வளைகுடாப் பக்கம் ஒப்பீட்டளவில் அமைதியாக இருப்பதை, நான் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்குவதைவிட அவர் ஒரே மூச்சில் விளக்கிவிட்டார். அன்றைக்குச் சாப்பாட்டுக் கடையில் மீன் விலை ஏறியிருந்ததற்கும் காரணம் அதுவே. டோக்கன் இல்லாத நாளில் ஐஸ் பெட்டி மீனுக்கு அதிக விலை கொடுத்துவிட்டு, கடற்கரை ஊரில் மீன் நன்றாக இல்லை என்று சொல்வது முறையன்று. அன்று இட்லி சாப்பிடலாம்.

சிவப்பு எச்சரிக்கை நாளை நான் விளையாட்டாகக் கருதுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மதுரையில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையில் அது ஏறத்தாழ பாதி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரு நாளைக்குள் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தின் நடுவே நூற்றுக்கணக்கான பயணிகளுடன் நின்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். 1964 டிசம்பர் 22 இரவில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயில் ஊரை எட்டுமுன் அலையில் அடித்துச் செல்லப்பட்டதும், அதில் நூறு பேருக்கு மேல் உயிரிழந்ததும், தனுஷ்கோடி என்ற ஊரே இல்லாமல் போனதும் எங்கள் தலைமுறை சிறுவயதில் கேட்ட செய்திகள். ஆகவே பலத்த காற்றில் ரயிலைப் பாம்பன் பாலத்துக்கு முந்தைய மண்டபம் நிலையத்திலேயே நிறுத்திவிட்டார்கள் என்று கோபப்படுபவர்களை நான் ஆதரிப்பதில்லை. பாம்பன் கடலின் மேல் காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்கு அனுமதி கிடைக்காது என்ற விதி காரணமில்லாமல் வந்ததன்று. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய தூக்குப் பாலம் திறக்கப்பட்டுவிட்டதால் காற்று பழைய காற்று இல்லை என்று ஆகிவிடாது.

என் வருத்தம் நிறுத்துவதில் இல்லை. நிறுத்தியதைச் சொல்லாமல் இருப்பதில் இருக்கிறது. இதற்குத் தனுஷ்கோடிச் சாலை நல்ல எடுத்துக்காட்டு. ராமேஸ்வரத்திலிருந்து அந்தச் சாலை முடியும் அரிச்சல்முனை ஏறக்குறைய 20 கிலோமீட்டர். கடல் சீற்றமாக இருக்கும் நாளில் சுற்றுலாப் பயணிகளை வழியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அது சரியானதே, இரண்டு கடலுக்கும் நடுவே ஓடும் அந்தச் சாலையில் அலைநீர் ஏறும் நாட்கள் உண்டு. ஆனால் நிறுத்தப்படும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அது பயணிக்குத் தெரியவருகிறது. வேனுக்குப் பேசிய வாடகை பேசியதுதான். ஓட்டுநரிடம் கேட்டால், காலையில் விட்டார்களே என்பார். பிற்பகலில் காற்று தணிந்து சாலை மீண்டும் திறக்கப்படும் செய்தியும் இப்படித்தான். அது உள்ளூர் ஆட்டோக்காரர்களுக்கு ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது. அறைக்குள் இருக்கும் மதுரைக் குடும்பத்துக்கு மறுநாள்வரை தெரிவதில்லை. நண்பர் தனுஷ்கோடியைப் பார்க்காமல் திரும்பிய பகலில்கூட, மதியத்துக்கு மேல் வேன்கள் போய் வந்திருக்க இடமுண்டு. ராமேஸ்வரம் பேருந்து நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் கோயிலின் கிழக்கு வாசலிலும் ஒரு கரும்பலகை வைத்து, ‘தனுஷ்கோடிச் சாலை: திறப்பு’ அல்லது ‘மூடல், அடுத்த அறிவிப்பு இத்தனை மணிக்கு’ என்று மணிக்கொரு முறை எழுதிவைக்க எந்தப் பெரிய திட்டமும் தேவையில்லை. சுண்ணாம்புக் கட்டியும் ஓர் ஆளும் போதும்.

ஈரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தீர்த்தமாடிய ஈர உடையோடு சுவாமி சன்னதிக்குள் போக அனுமதி இல்லை. உடை மாற்றிக்கொண்டுதான் தரிசனத்துக்குப் போக வேண்டும். வெயில் நாளில் இது பெரிய தொல்லையன்று. மழை நாளில், மாற்று உடையும் பையோடு நனைந்துபோய், தரையெல்லாம் சேறாகி, பெண்கள் ஒரு மறைவுக்காகக் கைக்குழந்தையோடு நீண்ட வரிசையில் காத்து நிற்பதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர்வரை மட்டுமாவது, கோயிலுக்கு எதிரே கடலில் நீராடும் அக்னி தீர்த்தக் கரைக்கும் கிழக்கு வாசலுக்கும் இடையே தகரக் கூரையிட்ட தற்காலிக நடைபாதையும், பெண்களுக்குக் கூடுதல் உடைமாற்றும் அறைகளும், காலணி, கைப்பேசி ஒப்படைக்கும் இடங்களில் நனையாமல் நிற்க ஒரு பந்தலும் அமைத்துத் தர உரியவர்கள் முன்வர வேண்டும். திருவிழாவுக்குப் பந்தல் போடத் தெரிந்த நமக்குப் பருவமழைக்குப் பந்தல் போடத் தெரியாதா?

விடுதி நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நாங்கள் ஒருமுறை தங்கிய விடுதியில், வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க, 24 மணி நேரம் முடிந்துவிட்டது என்று அரை மணிக்கு ஒருமுறை கதவைத் தட்டினார்கள். கூடுதலாக இரண்டு மணி நேரத்துக்குப் பணம் தருகிறோம் என்றாலும், முழு நாள் வாடகைதான் என்றார்கள். அரை நாள் வாடகை என்று ஒரு முறையும், ஈரத் துணியை உலர்த்த மாடியில் கூரையிட்ட ஒரு கொடியும் இருந்தால், எத்தனையோ குடும்பங்கள் அவசரப்பட்டுப் பேருந்து ஏறாமல் பிற்பகலைக் கரையில் கழிக்கும். கடைக்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் அதனால் வரும்படிதானே தவிர இழப்பில்லை.

கடைசியாகத் தங்களுக்கே ஒரு விண்ணப்பம். மதுரைப் பதிப்பில் நாள்தோறும் நம் நகரின் வெப்பநிலையையும் மழையளவையும் வெளியிடுகிறீர்கள். அரையாண்டு விடுமுறை முடியும்வரையாவது, அதே கட்டத்தில் இன்னும் மூன்று வரிகளுக்கு இடம் ஒதுக்க வேண்டுகிறேன்: பாம்பனில் ஏற்றப்பட்டுள்ள கூண்டின் எண், அந்த எண்ணின் பொருளோடு, முந்தைய நாள் தனுஷ்கோடிச் சாலை எந்த நேரம் முதல் எந்த நேரம்வரை திறந்திருந்தது என்ற விவரம், மதுரையிலிருந்து புறப்படும் ரயில்கள் ராமேஸ்வரம்வரை செல்கின்றனவா, மண்டபத்தோடு நிற்கின்றனவா என்ற தகவல். தங்கள் ராமேஸ்வரம் நிருபர் மாலையில் ஒரு தொலைபேசி அழைப்பில் தந்துவிடக் கூடிய செய்திகள் இவை. மாட்டுத்தாவணியில் முதல் பேருந்து ஏற நிற்கிறவர் கையில் தங்கள் நாளிதழ் இருக்கிறது. அவர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஏறுவதா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்வார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியர்,
திருநகர், மதுரை.